ஸ்பீக்கருக்கு மர ஸ்டாண்ட்: காது உயரம் அளப்பதிலிருந்து மணல் நிரப்புவது வரை

மேசையிலும் அலமாரியிலும் உட்கார்ந்திருக்கும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு ஒரு ஜோடி மர ஸ்டாண்ட் செய்வது இரண்டு வார இறுதி வேலை. அமைப்பு எளிது: கீழே அடிப்பலகை, அதன்மேல் மணல் நிரப்பிய பெட்டித் தூண், உச்சியில் ஸ்பீக்கர் அமரும் மேல்பலகை. முதன்முறை செய்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி, வேலையின் வரிசை மாறிப்போவதால் வருபவை. உயரம் முடிவாகும் முன்பே பலகையை அறுத்துவிடுவார்கள். அடிப்பலகையை ஒட்டி முடித்த பிறகு காலுக்கு நட் வைக்க இடம் தேடுவார்கள். மணலைக் கொட்டிவிட்டுப் பத்து கிலோ சுமையை வைத்துக்கொண்டு உப்புத்தாள் தேய்ப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்ட ஸ்பீக்கர் 20 செ.மீ. அகலம், 28 செ.மீ. ஆழம், 34 செ.மீ. உயரம், சுமார் 7 கிலோ எடை. ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய வட்டம்) உள்ள பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இதற்குப் பக்கத்தில்தான் வரும். உங்களுடையது வேறாக இருந்தால் மேல்பலகையின் அளவும் தூணின் உயரமும் மட்டும் மாறும்.

1. உயரத்தைக் கணக்கிடுங்கள்

ட்வீட்டர், அதாவது உயர்ந்த ஸ்தாயி ஒலி தரும் சிறிய வட்டம், காதுக்கு நேராக இருக்க வேண்டும். உயர்ந்த ஸ்தாயி ஒலி குறுகலாகப் பரவுவதால், ட்வீட்டர் காதுக்கு மிகவும் கீழே போனால் சிம்பலும் குரலின் தெளிவும் மங்கிவிடும்.

வழக்கமாக உட்காரும் சோபாவில், வழக்கம்போலச் சாய்ந்து உட்காருங்கள். இன்னொருவர் தரையிலிருந்து உங்கள் காதுத் துளை வரை டேப் பிடிக்கட்டும். காலி சோபாவை அளந்து மனக்கணக்குப் போட்டால் பிசகும். பஞ்சு மெத்தை ஆள் உட்கார்ந்ததும் ஐந்தாறு செ.மீ. இறங்கும். அடுத்து, ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டரின் நடுப்புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள்.

காது உயரம் 96 செ.மீ., ட்வீட்டர் நடு 27 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் அடிப்பக்கம் தரையிலிருந்து 69 செ.மீ., அதாவது 690 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அதில் கால் 20, இரண்டடுக்கு அடிப்பலகை 36, மேல்பலகை 18, ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ரப்பர் 3 ஆகியவற்றைக் கழித்தால் மீதி 613 மி.மீ. அதுதான் தூணின் உயரம்.

இந்தக் கழித்தலை மறந்து தூணையே 69 செ.மீ.க்கு அறுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிறகு ஸ்பீக்கர் எட்டு செ.மீ. மேலே போய் நிற்கும். கணக்கை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பலகைக்கும் எதிரே தடிமனைக் குறித்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்.

2. எந்த மரம்

18 மி.மீ. பிளைவுட். தேக்கு அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு அது அவசியமில்லை. திடமரப் பலகை மழைக்காலத்தில் அகலவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். நான்கு பலகைகளைப் பெட்டி மாதிரி ஒட்டி உள்ளே மணல் அடைக்கும்போது அந்த அசைவு ஏதாவது ஒரு மூட்டில் விரிசலாக வந்து நிற்கும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தேக்கின் தோற்றம் வேண்டுமென்றால் தேக்கு வெனீர் (மெல்லிய மர ஏடு) ஒட்டிய பிளைவுட் வாங்குங்கள்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வழவழப்பாக இருக்கும், பெயின்ட் நன்றாக ஏறும். ஆனால் தரை துடைக்கும் தண்ணீர் அடியில் பட்டால் ஊறி ஊதிவிடும். விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துகொள்ளும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரை சாதாரண ரகத்துக்கும், ஐ.எஸ். 710 மரைன் ரகத்துக்கும் உரியது. தினமும் ஈரத் துணி போட்டுத் துடைக்கும் வீடு என்றால் அடிப்பலகைக்காவது 710 எடுங்கள். வாங்கும்போது தாளின் ஓரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால் வேண்டாம். ஸ்க்ரூ சரியாக அந்தப் பொந்தில்தான் போய் விழும்.

ஒரு ஜோடிக்கு 4×4 அடி, அதாவது 16 சதுர அடி போதும். 8×4 அடி முழுத்தாளைப் பாதியாக அறுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

3. மற்ற சாமான்கள்

பலகை அறுக்கப் போவதற்கு முன்பே இவை கையில் இருக்கட்டும். பசை பூசிய பிறகு கடைக்கு ஓட முடியாது.

வெள்ளை மரப்பசை அரைக் கிலோ. 4×40, 4×50, 4×30 மி.மீ. சிப்போர்டு ஸ்க்ரூக்கள்; 40 மி.மீ. ஐம்பது, மற்ற இரண்டிலும் இருபத்தைந்து. கறுப்பு டிரைவால் ஸ்க்ரூ விலை குறைவுதான், ஆனால் இறுக்கும்போது கழுத்து முறியும். முறிந்த துண்டு பிளைவுட்டுக்குள் சிக்கினால் வெளியே எடுப்பது பெரிய பாடு. எம்8 டீ-நட் (பலகைக்குள் அடித்துப் பதிக்கும் நட்; கால் இதில்தான் திருகி ஏறும்) எட்டு, அதற்கேற்ற உயரம் மாற்றும் கால்கள் எட்டு. ஆறு அங்குல ஜி-கிளாம்ப் குறைந்தது நான்கு. மூலைமட்டம், ரசமட்டம், 2.5 மி.மீ. டிரில் பிட், ஸ்க்ரூவின் தலை அமர்வதற்கான கவுன்டர்சிங்க் பிட். உப்புத்தாள் 80, 120, 180, 220 எண்களில். மணல் ஒரு வாளி. 18 முதல் 20 செ.மீ. அகலமுள்ள தடித்த பாலித்தீன் பை நான்கு.

4. அறுக்கும் பட்டியல்

ஒரு ஜோடிக்கு, மி.மீ. கணக்கில்:

அடிப்பலகை 300×360, நான்கு (குழந்தைகள் ஓடும் வீடானால் அறுக்கும் முன் 10ஆம் பகுதியைப் பாருங்கள்)
மேல்பலகை 180×240, இரண்டு
தூணின் முன், பின் பலகை 120×613, நான்கு
தூணின் பக்கப் பலகை 84×613, நான்கு
அடைப்புக்கட்டை 84×84, எட்டு (தூணின் இரு முனைகளுக்குள் வைப்பவை; இவற்றை இப்போது அறுக்க வேண்டாம்)

பக்கப் பலகை 84 என்பது 120இல் இருந்து இரண்டு தடிமன்களைக் கழித்து வந்தது. 18 என்று விற்கும் பிளைவுட் அளந்தால் 17.5 இருக்கலாம். அப்போது பக்கப் பலகை 85 ஆகிவிடும். முதலில் கையில் உள்ள தாளின் தடிமனை அளந்துவிட்டு எண்களைத் திருத்துங்கள். அடைப்புக்கட்டையைத் தூண் உருவான பிறகு உள்ளளவு எடுத்து அறுப்பதும் இதனால்தான். அதற்கான மிச்சப் பலகையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கையால் அறுப்பதைவிட மரக்கடையின் மேசை ரம்பத்தில் அறுத்து வாங்குவது நல்லது. அறுப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எட்டுத் தூண் பலகைகளின் 613 நீளத்தையும் ஒரே கட்டையை முட்டு வைத்துத் தொடர்ச்சியாக அறுக்க வேண்டும். ரம்பம் தின்னும் 3 மி.மீ.யைக் கணக்கில் எடுக்க வேண்டும். 4 அடி என்பது 1220 மி.மீ.; 613 இரண்டு வைத்தாலே 1226 ஆகிறது. ஆகவே தூண் பலகை எட்டையும் ஒரே வரிசையில் அடுக்குங்கள். அந்த வரிசையின் ஓரத்தில் இரண்டு அடிப்பலகையும், மிச்சத்தில் மற்றவையும் அடங்கிவிடும். மேல் இழையின் ரேகை தூணின் நீளவாட்டில் ஓடட்டும்.

வீட்டில் கைவட்ட ரம்பத்தால் அறுப்பதானால் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். பல் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வரும். சிலாம்பு மேல் பக்கத்தில்தான் பெயரும்.

5. தூண்

இந்த வேலையின் உயிரே தூண்தான், அவசரப்படாதீர்கள். முதலில் பசை இல்லாமல் நான்கு பலகைகளையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். இடைவெளி தெரியும் மூட்டில் உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்த்து நேராக்குங்கள். இரண்டு முனைகளிலும் உள்ளளவு எடுத்து, இப்போது அடைப்புக்கட்டைகளை அறுங்கள். இரண்டிரண்டாகப் பசை போட்டு ஒட்டி 36 மி.மீ. தடிமனாக்குங்கள். ஒற்றைக் கட்டை போதாது. அடிப்பலகை மொத்தமும் இந்தக் கட்டையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது, 18 மி.மீ.க்குள் ஸ்க்ரூ அவ்வளவாகப் பற்றாது.

முன்பலகையை முகம் கீழாக மட்டமான மேசையில் படுக்க வையுங்கள். பக்கப் பலகைகளின் ஓரத்தில் பசை பூசி நிறுத்துங்கள். பிளைவுட் ஓரம் பசையை உறிஞ்சும். ஒருமுறை மெல்லப் பூசி, இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு முறை பூசுங்கள். கீழ் முனையில் அடைப்புக்கட்டையை நான்கு பக்கமும் பசை தடவி உள்ளே வையுங்கள். மேல் முனையில் மற்றொரு கட்டையை, பசை இல்லாமல், வெறும் தாங்கலுக்கு வையுங்கள். இந்த இரண்டும் இருந்தால் பெட்டி தானாகச் சதுரத்துக்கு வரும். பின்பலகையை மேலே வைத்து, முன்னும் பின்னும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். கிளாம்பின் வாய்க்கு அடியில் துண்டுக் கட்டை வைக்காவிட்டால் வட்ட வட்டமாகத் தழும்பு விழும்.

பின்பலகையிலிருந்து பக்கப் பலகைகளின் ஓரத்துக்குள் 15 செ.மீ.க்கு ஒன்றாக 40 மி.மீ. ஸ்க்ரூ போடுங்கள். 2.5 மி.மீ. துளை போட்ட பிறகே ஸ்க்ரூ இறங்கட்டும். துளை இல்லாமல் திருகினால் அடுக்குகள் புத்தகம் மாதிரி விரியும். முன்பக்கம் ஸ்க்ரூ வேண்டாம். பசையும் கிளாம்பும் போதும், முகம் சுத்தமாக இருக்கும்.

இறுக்கியவுடன், பசை இழுக்கும் முன் இரண்டு சோதனைகள். ஒன்று, மூலைமட்டம். இரண்டாவது, முறுக்கு. தூணின் இரண்டு முனைகளிலும் குறுக்காக ஒவ்வொரு நேரான ஸ்கேல் வைத்து, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்கேலின் மேல் விளிம்பும் ஒன்றன் மீது ஒன்றாகப் படிந்து தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் தூண் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மேசையே மட்டமில்லாமல் இருந்தால் இது வரும். கிளாம்பைத் தளர்த்தி, தாழ்ந்த மூலைக்கு அடியில் அட்டை வைத்து மறுபடி இறுக்குங்கள். காய்ந்த பிறகு முறுக்கை எடுக்க வழியில்லை. அடிப்பலகை சுவருக்கு நேராக இருக்க, ஸ்பீக்கர் மட்டும் கோணலாகத் திரும்பி நிற்கும்.

பிதுங்கிய பசையை ஈரத் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். பசை காய்ந்த இடத்தில் பாலிஷ் இறங்காது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்தப் பட்டை, சீலர் (பாலிஷுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு) பூசியதும் வெளிறிய திட்டாக எழுந்து வரும். ஒரு மணி நேரம் கழித்து மேல் முனையில் தாங்கலுக்கு வைத்த கட்டையை உருவி எடுங்கள். அது ஒட்டிக்கொண்டால் மணல் கொட்ட வாசல் இருக்காது. கிளாம்பை இரவு முழுக்க விடுங்கள்.

மறுநாள், கீழ்க் கட்டையைப் பின்பக்கத்திலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் 40 மி.மீ. ஸ்க்ரூவால் பிடித்துவிடுங்கள்.

6. அடிப்பலகை

இரண்டு அடுக்குகளையும் முதலில் ஒட்டிவிட்டுத் தூணில் பொருத்துவதே எல்லோருக்கும் தோன்றும் வழி. அப்படிச் செய்தால் டீ-நட்டை உள்பக்கமாக வைக்க முடியாமல் போகும், தூணைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களும் அடியில் தெரியும்.

முதலில் கீழ் அடுக்கை எடுங்கள். நான்கு மூலைகளிலும் இரு ஓரங்களிலிருந்தும் 25 மி.மீ. உள்ளே புள்ளி வையுங்கள். டீ-நட்டின் குழலை அளந்து அதே அளவுக்குத் துளை போடுங்கள். எம்8க்குப் பெரும்பாலும் 10 மி.மீ. நட்டின் தட்டு மட்டமாக அமர, மேல் முகத்தில் 2 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்துவிட்டு, மேலிருந்து சுத்தியலால் அடித்து இறக்குங்கள். இனி ஸ்பீக்கரின் எடை நட்டை மேலே தள்ளத் தள்ள, மேல் அடுக்கு அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நட்டின் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள். பசை மறைக்குள் போனால் கால் ஏறாது. மேல் அடுக்கின் அடியில், நட்டுக்கு நேரே 12 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். கால் போல்ட்டின் நுனி அதில் போகட்டும்.

அடுத்து மேல் அடுக்கைத் தூணோடு பொருத்துங்கள். தூணைத் தலைகீழாக நிறுத்தி, பலகையைச் சரியாக நடுவில் வைத்துப் பசை பூசி, நான்கு 50 மி.மீ. ஸ்க்ரூக்களை அடைப்புக்கட்டைக்குள் இறக்குங்கள். தூண் பலகைகளின் முனைக்குள் ஸ்க்ரூ வேண்டாம், பிளக்கும். தூணைப் பின்னால் தள்ளி வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று சிலர் செய்கிறார்கள். ஸ்பீக்கரின் காந்தங்கள் முன்பக்கம் இருப்பதால் ஏற்கெனவே எடை முன்னால் சாய்ந்திருக்கிறது; தூண் நடுவிலேயே இருக்கட்டும்.

கடைசியாகக் கீழ் அடுக்கைப் பசை பூசி ஒட்டி, அடியிலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ ஒன்பது போடுங்கள். ஒரு நாள் காயட்டும்.

7. மூடி

மேல்பலகையின் அடியில் நடுவாக மற்றோர் அடைப்புக்கட்டையைப் பசையும் 40 மி.மீ. ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள். ஸ்க்ரூத் தலைகள் மேல் முகத்தில் நன்றாக உள்ளே அமர வேண்டும். இப்போது அது டப்பா மூடி மாதிரி தூணுக்குள் இறங்கும். இறுக்கமாக இருந்தால் கட்டையின் ஓரத்தைத் தேயுங்கள். லொடலொடவென்று இருந்தால் வேறு கட்டை அறுத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குச் செருகிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுங்கள்.

8. தேய்ப்பும் பூச்சும்

மணலுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். காலித் தூண் என்றால் ஒரு கையால் புரட்டிப் புரட்டித் தேய்க்கலாம்.

ஸ்க்ரூக் குழிகளையும் ஓரத்துப் பொந்துகளையும் மெல்லிய மரத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். கொஞ்சம் மேடாகவே விடுங்கள், காய்ந்தால் உள்வாங்கும். 80இல் தொடங்கி 120, 180 என்று ரேகை ஓடும் திசையில் தேயுங்கள். வெனீர் பலகையானால் 80 தொடக் கூடாது; வெனீர் ஒரு மி.மீ.கூட இருக்காது, ஓரத்தில் நாலு இழுப்பில் அடிமரம் தெரிந்துவிடும்.

சீலர் இரண்டு கோட், நடுவில் 220ஆல் லேசான தேய்ப்பு, அதன்மேல் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. அடிப்பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டால், ஈரம் ஒரு முகத்தில் மட்டும் ஏறி இறங்கிப் பலகை வளையும். தரை ஈரமும் நேராகப் படுவது அந்த முகத்தில்தான்.

9. மணல்

காலித் தூணை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பறை மாதிரி அதிரும். மணல் அந்த அதிர்வைத் தின்றுவிடும். அடி எடையும் கூடும். மேலே சொன்ன அளவுகளில், 7 கிலோ ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்த்தால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 58 செ.மீ. உயரத்தில் இருக்கும். 4 கிலோ மணல் போட்டால் 51 செ.மீ.க்கு இறங்கும். முழுக்க நிரப்பி 6 கிலோ ஆக்கினாலும் அதே 51தான், ஏனென்றால் கூடுதல் மணல் மேலே போய் உட்காருகிறது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் போதும்.

கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஆற்று மணலோ எம்-சாண்டோ எதுவானாலும் சலித்து, பழைய இரும்புச் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். கைக்குக் காய்ந்த மாதிரி தெரியும் மணலிலும் ஈரம் இருக்கும். வறுபடும் சட்டிக்கு மேல் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டில் ஆவி படிவது அடியோடு நிற்கும் வரை வறுக்க வேண்டும். பிறகு முழுசாக ஆற விடுங்கள். சூட்டோடு கொட்டினால் பை இளகிவிடும்.

பையைத் தூணுக்குள் இறக்கி, வாயை வெளியே மடித்து, புனல் வழியாகக் கொட்டுங்கள். பை தூணைவிடக் குறுகலாக இருந்தால் மணல் பையிலேயே தொங்கி நிற்கும், பலகையில் அழுந்தாது. தூண் அதிர்ந்துகொண்டே இருக்கும். 18 செ.மீ.க்குக் குறையாத அகலம் கேட்டது இதற்காகத்தான். இரட்டைப் பையாகப் போடுங்கள். ஒவ்வொரு கால் பங்குக்கும் தூணைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினால் மணல் படியும். தட்டும் ஓசை கட்டையாக மாறுவது காதுக்கே தெரியும்.

பையின் வாயைக் கட்டி, மூடியின் கட்டையைச் சுற்றி மெல்லிய சிலிக்கான் கோடு போட்டு இறக்குங்கள். பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என 40 மி.மீ. ஸ்க்ரூ. இங்கே மரப்பசை வேண்டாம். பின்னொரு நாள் திறக்க வேண்டியிருந்தால் சிலிக்கானை அறுத்துவிடலாம்.

10. கால்

கூர்முனை ஸ்பைக் கம்பளத் தரைக்கு ஏற்றது. நம் வீடுகளின் டைல்ஸ், கிரானைட் தரையில் அது கீறும், வழுக்கவும் செய்யும். ரப்பர் அடி உள்ள, திருகி உயரம் மாற்றும் கால்தான் சரி. மூன்று கால் வைத்தால் ஆடாது என்பது உண்மை, ஆனால் காலில்லாத மூலைப் பக்கம் இடித்தால் சுலபமாகக் கவிழும். குழந்தைகள் ஓடும் வீட்டில் நான்கு கால் வைத்து, அடிப்பலகையையும் 350×400 ஆக்கிக்கொள்ளுங்கள். அப்போது 4×4 அடித் தாளில் எல்லாம் அடங்குமா என்று மறுபடி வரைந்து பாருங்கள்.

கால்களைத் திருகும்போது மேல்பலகையில் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள்.

11. ஸ்பீக்கரை ஏற்றுதல்

ஸ்பீக்கரின் நான்கு மூலைகளுக்கு அடியில் 3 மி.மீ. ரப்பர் துண்டுகளோ, பட்டாணி அளவு ஒட்டும் களிமண் (சுவரில் போஸ்டர் ஒட்டும் வகை) உருண்டைகளோ வையுங்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைக்காதீர்கள், அந்தக் கறுப்பு பாலிஷில் இறங்கிக் கறையாகும். களிமண்ணை எடுக்கும்போது ஸ்பீக்கரை நேராகத் தூக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் வெனீர் உரியும். வயர் பின்பக்கமாகத் தூணை ஒட்டி இறங்கட்டும். காலில் சிக்கும் வயர்தான் ஸ்டாண்டைக் கவிழ்க்கும்.

பின்னால் போர்ட் (காற்று வந்துபோகும் துளை) உள்ள ஸ்பீக்கர் என்றால் சுவரிலிருந்து 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்குங்கள்.

போனில் டோன் ஜெனரேட்டர் (வேண்டிய சுருதியில் ஒலி எழுப்பும்) செயலி ஒன்றைப் போட்டு, அதை ஸ்பீக்கர் வழியாகக் குறைந்த சத்தத்தில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். எங்காவது "ஜிர்ர்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மூடி, கால், வயர் என்று ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தினால் ஓசை நிற்கிறதோ அங்கேதான் தளர்வு. பெரும்பாலும் தரையைத் தொடாத ஒரு காலாக இருக்கும்.

ஒரு மாதம் கழித்து மூடியின் ஸ்க்ரூக்களை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ரசமட்டத்தை இன்னொரு முறை வைத்துக் கால்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.